நெமோவுக்கு வீடு பார்ப்பது: திருநெல்வேலிச் சூட்டில் கிளவுன் மீனுக்கு ஏற்ற அனிமோனும் பவளமும்

கிளவுன் மீன் ஜோடியைத் தொட்டியில் விட்டு ஒரு வாரம் ஆனதும் எல்லோருக்கும் வரும் ஆசை, அது அனிமோனுக்குள் (கொட்டும் கொடுக்குகளை விரித்தபடி பாறையிலோ மணலிலோ ஒட்டி வாழும் கடல் உயிரி) புகுந்து புரள்வதைப் பார்க்க வேண்டும் என்பதுதான். ஆசையில் தப்பில்லை. ஆனால் வேலை தலைகீழாக நடக்கிறது. மீனுக்கு எது பிடிக்கும் என்று கேட்டு அனிமோனை வாங்கி வந்துவிட்டு, அதற்குப் பிறகு தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் அலைவோம். அலைந்து முடிப்பதற்குள் அனிமோன் கரைந்து போயிருக்கும்.

கடலில் அனிமோனை விட்டு விலகும் கிளவுன் மீனைப் பெரிய மீன் ஒன்று விழுங்கிவிடும். வீட்டுத் தொட்டியில் விழுங்க ஆளில்லை. அனிமோனே இல்லாமல் கிளவுன் மீன் பத்து, பதினைந்து வருடம்கூட வாழும், ஜோடி சேரும், ஓட்டுத் துண்டிலோ கவிழ்த்த மண்சட்டியிலோ முட்டையும் இடும். ஆக, வீடு தேடுவது மீனின் அவசியம் அல்ல, நம் ஆசை. செத்தால் தொட்டியையே நாறடிக்கக்கூடியது அனிமோன்தான். எனவே தேர்வை மீனிடமிருந்து தொடங்காதீர்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர், மே மாத வெயில், கரண்ட் ஆகிய மூன்றும் எதைத் தாங்கும் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில், கையில் இருக்கும் மீன் எது?

கடையில் 'நெமோ' என்று விற்பது பெரும்பாலும் ஒசெல்லாரிஸ். அதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருப்பது பெர்குலா. வெள்ளைப் பட்டையின் ஓரத்தில் கறுப்பு தடிப்பாக இருந்தால் பெர்குலாவாக இருக்கலாம். உறுதி செய்ய முதுகுத் துடுப்பு முள்ளை எண்ண வேண்டும். பெர்குலாவுக்குப் பொதுவாக 10, ஒசெல்லாரிஸுக்கு 11. இரண்டும் சாது. பெண் மீன் 8 செ.மீ. வளரும்.

கிளார்க்கி, டொமேட்டோ, மெரூன் ஆகியவை வேறு ரகம். மெரூன் பெண் 15 செ.மீ.யைத் தாண்டும், கன்னத்தில் முள் இருக்கும், கையைக்கூடக் கடிக்க வரும். இந்தப் பெரிய மீன்கள் சின்னப் பவளத்தில் குடியேறினால் அதை உரசி உரசியே கொன்றுவிடும்.

மன்னார் வளைகுடாவில் நம் பக்கமே வாழும் மீன் சீபே கிளவுன். இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. 'சீபே அனிமோன்' என்று கடையில் விற்பது ஹெட்டெராக்டிஸ் கிரிஸ்பா. கடலில் சீபே மீன் வாழ்வதோ ஹடோனி கார்பெட் அனிமோனில். பெயரைப் பார்த்து ஜோடி சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கிடக்கும்.

உலகில் கிளவுன் மீன் குடியிருக்கும் அனிமோன் இனங்கள் மொத்தமே பத்துதான். ஒசெல்லாரிஸ் கடலில் மூன்றில் வாழ்கிறது: மேக்னிஃபிகா, ஜைஜாண்டியா கார்பெட், மெர்டென்சி கார்பெட். பெர்குலாவுக்கு மேக்னிஃபிகா, ஜைஜாண்டியா, கிரிஸ்பா. மெரூனுக்கும் டொமேட்டோவுக்கும் பபுள் டிப். கிளார்க்கி மட்டும் பத்திலும் குடியேறும். கவனித்தீர்களா, எல்லோரும் முதலில் வாங்கும் பபுள் டிப், ஒசெல்லாரிஸின் இயற்கைப் பட்டியலிலேயே இல்லை. ஆனாலும் தொட்டியில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. கடல் பட்டியலை அறிந்துகொள்ளுங்கள், அதையே வேதவாக்காகப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

சட்டம்: இதைத் தாண்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம்

வெளிநாட்டு வீடியோக்களில் 'டார்ச்', 'ஹேமர்', 'ஃப்ராக்ஸ்பான்', 'கோனியோபோரா' பவளங்களில் கிளவுன் மீன் ஊஞ்சலாடுவதைக் காட்டுவார்கள். அழகுதான். ஆனால் இவை எல்லாமே கல் பவளங்கள், அதாவது கடினமான சுண்ணாம்புக் கூடு கட்டுபவை. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கல் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கூடவே கரும்பவளம், ஆர்கன் பைப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. 'இம்போர்ட்டு சரக்கு அண்ணாச்சி' என்று கடையில் சொன்னாலும், கல் பவளங்கள் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களுக்கான சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் (சைட்டிஸ்) இரண்டாம் பின்னிணைப்பில் இருப்பதால் அதற்கும் காகிதம் வேண்டும். காகிதம் கேட்டால் பேச்சு மாறும். எனவே இந்த வழிகாட்டியில் கல் பவளங்களை ஒதுக்கிவிட்டோம்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து அனிமோன், பாறை, பவளத் துண்டு எதையும் எடுப்பது குற்றம். செத்த பவளக் கல்லும் பவளம்தான். 'டெட் கோரல்' என்று அலங்காரத்துக்கு விற்பதையும் தொடாதீர்கள். பாறைக்குச் செராமிக் அல்லது சிமெண்டில் வார்த்த செயற்கைப் பாறை போதும். அனிமோன் வாங்கினால் தொட்டியில் பிரிந்து வந்த குட்டியை, பில்லோடு வாங்குங்கள். கடலில் பிடித்ததைவிட அதுதான் பிழைக்கவும் செய்யும்.

தண்ணீர்

தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் குடிக்க அருமை, ஆனால் அதில் குளோரின் உண்டு. ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துப் போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளப்பது) விட்டுப் பார்த்தாலே தெரியும். எதுவானாலும் ஆர்ஓ வழியாக எடுத்து, அதற்குமேல் மிச்ச உப்பையும் உறிஞ்சும் டிஐ ரெசின் ஒன்றையும் தாண்ட வைத்து, டிடிஎஸ் 0 முதல் 5க்குள் கொண்டுவாருங்கள். வீட்டுக் குடிநீர் ஆர்ஓ அப்படியே ஆகாது. ருசிக்காக மினரல் கேட்ரிட்ஜ் வைத்து டிடிஎஸ்ஸைத் திரும்ப ஏற்றிவிடுவார்கள். அதற்கு முன்னாலேயே ஒரு டி-கனெக்டர் போட்டுத் தண்ணீர் பிடிக்கலாம். 20 லிட்டர் கேன் தண்ணீரும் இதே கதைதான். ஒவ்வொரு கேனையும் அளந்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

உப்பு விஷயத்தில் தூத்துக்குடிக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை: கடல் தண்ணீரில் விளைந்த கல்லுப்புதானே, கரைத்தால் மீண்டும் கடல் தண்ணீர் ஆகாதா? ஆகாது. உப்பளத்தில் தண்ணீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முந்தைய பாத்திகளிலேயே படிந்துவிடும். பிறகுதான் உப்பு விளையும். விளைந்த பிறகு வடித்துவிடும் கசப்புத் தண்ணீரோடு மெக்னீசியம் போய்விடும். வாரிக் குவிக்கும் உப்பில் மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும். அனிமோனுக்கும் பவளத்துக்கும் வேண்டியதெல்லாம் அந்தப் பாத்தியிலேயே நின்றுவிட்டது. தொட்டிக்கென்று விற்கும் ரீஃப் சால்ட்டையே வாங்குங்கள். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம்; 100 லிட்டருக்கு ஏறக்குறைய 3.5 முதல் 3.8 கிலோ. உப்பை அளந்து போடுவதோடு விட்டுவிடாமல் ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு காட்டும் கருவி) பார்த்து அடர்த்தியை 1.025க்குக் கொண்டுவாருங்கள்.

உவரி, மணப்பாடு பக்கம் இருப்பவர்கள் கடல் தண்ணீரையே எடுக்கலாம். ஆற்று முகத்துவாரம், இறால் பண்ணை, தொழிற்சாலை வாய்க்கால் ஆகியவற்றிலிருந்து தள்ளி, மழை இல்லாத நாளில் எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் புன்னைக்காயல் பக்கம் எடுத்தால் பாதி தாமிரபரணியைத்தான் அள்ளி வருவீர்கள். எடுத்ததைத் துணியில் வடிகட்டி, மூடி போட்ட டிரம்மில் இரண்டு வாரம் இருட்டில் வைத்துக் காற்று விடுங்கள். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, உப்பளவு பார்த்துப் பயன்படுத்துங்கள். கடற்கரை மணலை மட்டும் அள்ள வேண்டாம். நம் கரை மணலில் கார்னெட், இல்மனைட் என்று தாதுமணல் கலந்திருக்கும். அந்தக் கறுப்புத் துகள் கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, முதல் இழுப்பிலேயே கண்ணாடியில் கோடு போடும்.

அனிமோன் வருவதற்கு முன் தொட்டியில் அளந்து பார்க்க வேண்டியவை: அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1, ஆல்கலினிட்டி 8 முதல் 9 டிகேஎச், கால்சியம் 400 முதல் 450, மெக்னீசியம் 1250 முதல் 1350, பிஎச் 8.1 முதல் 8.4. எண் சரியாக இருப்பதைவிட முக்கியம், அது ஆடாமல் இருப்பது. நைட்ரேட் எப்போதும் 15இல் நிற்கும் தொட்டியில் பபுள் டிப் வாழும். இன்று 2, அடுத்த வாரம் 30 என்று குதிக்கும் தொட்டியில் வாழாது.

தொட்டியின் வயதும் ஒரு அளவுதான். உப்புத் தண்ணீர் ஓடத் தொடங்கி ஆறு மாதமாவது ஆன பிறகே அனிமோன். 'சைக்கிள் முடிந்துவிட்டது', அதாவது அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர்ந்துவிட்டது என்று நான்காம் வாரத்தில் வாங்குவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பணம் போகும் முதல் வழி.

வெயிலும் கரண்டும்

இங்கேதான் நம் ஊர்த் தொட்டிகள் தோற்கின்றன. 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் நல்லது. 30 டிகிரியைத் தாண்டி நாள் கணக்கில் நின்றால், அனிமோனின் உடலில் இருந்துகொண்டு வெளிச்சத்தை உணவாக்கித் தரும் நுண்பாசி வெளியேறத் தொடங்கும். நிறம் வெளுக்கும். அதற்குப் பிறகு அது பட்டினிதான். மன்னார் வளைகுடாவிலேயே 2010லும் 2016லும் கோடைச் சூட்டில் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்தன. கடலே தாங்காததை 200 லிட்டர் தொட்டி தாங்காது.

மூடியை எடுத்துவிட்டுத் தண்ணீர் மட்டத்தை உரசிப் போகும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் 2 முதல் 3 டிகிரி இறங்கும். பாளையங்கோட்டையின் வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும். திருச்செந்தூர், உவரி மாதிரி காற்றே ஈரமாக இருக்கும் கடலோர ஊரில் அவ்வளவு இறங்காது; அங்கே தண்ணீரைக் குளிர்விக்கும் 'சில்லர்' எந்திரத்தைத் தவிர வழியில்லை. தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் ஃபேனே தேவைப்படாது, ஆனால் சித்திரை அங்கும் வரும்.

ஃபேன் வைத்தால் தண்ணீர் வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே நிற்கும். 200 லிட்டர் தொட்டி ஒரு நாளில் 4 லிட்டர் இழக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் கல்யாண வீட்டுக்குப் போய் வந்தால் 12 லிட்டர் குறைந்திருக்கும், உப்பு ஆயிரத்துக்கு 35இலிருந்து 37ஐத் தாண்டியிருக்கும். திரும்பி வந்ததும் 12 லிட்டரையும் ஒரே மூச்சில் ஊற்றினால் அடுத்த அடி. வற்றியதைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப்-அப் ஒன்று வைத்துவிடுங்கள். அனிமோனுக்காகச் செய்யும் செலவுகளில் இதுதான் முதலில். அதில் ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர்.

ஐஸ் பாட்டில் போடுவதைப் பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் ஐஸ் பாட்டில் 200 லிட்டர் தண்ணீரை அரை டிகிரிதான் இறக்கும். அவசரத்துக்குச் சரி, தினமும் நாலு பாட்டில் மாற்றி மாற்றிப் போடுவது சூட்டை ஏற்றி இறக்கி ஆடவைக்கும் வேலை.

கரண்ட் போனால் முதலில் குறைவது ஆக்சிஜன். தண்ணீரை அசைத்துக்கொண்டிருக்கும் வேவ்மேக்கர் பம்ப் ஒன்றையாவது இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். முடியாவிட்டால் கரண்ட் போனதும் தானே ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். விளக்கு நாலு மணி நேரம் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. தண்ணீர் அசையாவிட்டால் ஆகும்.

உங்கள் தொட்டி மே மாதத்தில் 29 டிகிரிக்குள் நிற்கவில்லை என்றால், அனிமோன் பற்றிய பகுதியைத் தாண்டி நேரே தோல் பவளத்துக்குப் போய்விடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது

*பபுள் டிப்.* முதல் அனிமோன் இதுவாகவே இருக்கட்டும். குறைந்தது 150 லிட்டர் தொட்டி, விளக்கு பார் (பாசி உணவாக்கப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு, PAR) கணக்கில் 150 முதல் 250, நடுத்தர நீரோட்டம். பார் மீட்டர் இல்லாவிட்டால், பவளத்துக்கென்றே விற்கும் எல்இடி விளக்காக இருக்க வேண்டும். செடித் தொட்டி விளக்கும் டியூப் லைட்டும் ஆகாது. இதன் பாதம் பாறைப் பிளவுக்குள் ஒளிந்துகொள்ளும், கொடுக்குகள் மட்டும் வெளியே விரியும். 30 செ.மீ. வரை விரியும் என்பதால் அந்த அளவு இடத்தைச் சுற்றிலும் காலியாக விடுங்கள். நுனியில் உருண்டையாக இருக்கும் குமிழ் சில நாளில் மறைந்து கொடுக்கு நீளமாகிவிடும். பதற வேண்டாம், நிறமும் பசையும் இருந்தால் அது நலம்தான்.

*சீபே அனிமோன் என்னும் கிரிஸ்பா.* கடையில் பால் வெள்ளையாக, நுனியில் ஊதா தொட்டு, பார்க்க ஆசையாக இருக்கும். அந்த வெள்ளை அழகு அல்ல, நோய். நுண்பாசியை இழந்து வெளுத்தது அது. நலமாக இருக்கும் கிரிஸ்பா பழுப்பாகவோ இளம் பச்சையாகவோ இருக்கும். பளீர் மஞ்சளில் இருந்தால் சாயம் ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம். தேற்ற முடியாதது இல்லை, ஆனால் மாதக்கணக்கில் தினம் ஊட்ட வேண்டும்.

*லாங் டென்டக்கிள்.* பாதத்தை மணலில் புதைத்துக்கொள்ளும். 8 முதல் 10 செ.மீ. மணல் வேண்டும். பாறை மட்டும் இருக்கும் தொட்டியில் இடம் தேடி அலைந்தே ஓயும். கிளார்க்கி வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

*கார்பெட் வகைகள்.* ஹடோனிக்கும் ஜைஜாண்டியாவுக்கும் 400 லிட்டர் தொட்டிகூட அதிகமில்லை. ஹடோனி 80 செ.மீ. வரை விரியும். அருகில் தூங்கும் மற்ற மீன்களை விழுங்கிவிடும். காலையில் ஒரு மீன் குறைந்தால் ஃபில்டரில் தேடி நேரம் கழிக்காமல் கார்பெட்டின் வாயைப் பாருங்கள். வெறுங்கையால் தொட்டால் ஒட்டிக்கொண்டு எரியும், கையுறை போடுங்கள்.

*மேக்னிஃபிகா.* ஒசெல்லாரிஸுக்குப் பொருத்தத்தில் இதற்கு நிகர் இல்லை. வளர்ப்பதில் இதைவிடக் கஷ்டமானதும் அதிகம் இல்லை. கடும் வெளிச்சம், கடும் நீரோட்டம், ஒரு மீட்டர் வரை விரிவு. பபுள் டிப்பை இரண்டு கோடை தாண்டவைத்தவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

வாங்கவே கூடாதவை இரண்டு. ஒன்று கரீபியக் கடலின் காண்டி அனிமோன்; அங்கே கிளவுன் மீனே கிடையாது, நம் மீன் அதை வீடாக அறியாது. இன்னொன்று குழாய் அனிமோன். மெலிந்த நூல் மாதிரி கொடுக்கு வைத்துக் குழாய்க்குள் வாழும். அது கிளவுன் மீனையே கொட்டித் தின்னும்.

இனி பவளங்கள். *தோல் பவளம்*, அதாவது காளான் குடை வடிவத்தில் இருக்கும் சார்கோஃபைட்டான், நம் ஊர்த் தொட்டிகளுக்கு எங்கள் முதல் சிபாரிசு. பார் 80 முதல் 150 போதும், நைட்ரேட் கொஞ்சம் கூடினாலும் பொறுத்துக்கொள்ளும், அனிமோன் மாதிரி நடந்துபோய்ப் பம்பில் மாட்டாது. 10 செ.மீ. குடை இருந்தால் ஒசெல்லாரிஸ் ஜோடி அதில் படுக்கும். அதைவிடச் சின்னதை வாங்கினால் மீனைப் பிறகு வாங்குங்கள். சில வாரத்துக்கு ஒருமுறை குடை சுருங்கி, மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் போர்த்தி, மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை கிடக்கும். செத்துவிட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு. அது தோல் உரிக்கிறது. நீரோட்டத்தைச் சற்று அதன் பக்கம் திருப்பினால் படலம் பறந்துவிடும். இது தண்ணீரில் ஒருவித ரசாயனத்தைக் கக்கும் என்பதால் சம்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டி) ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் வைத்து மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

ஜீனியா என்னும் மென்பவளமும் சரிதான், ஆனால் அது சீமைக் கருவேலம் மாதிரி பரவும். தனிப் பாறையில் வையுங்கள். காளான் பவளங்களில் மயிர் மாதிரி கொடுக்கு உள்ள ரோடாக்டிஸ் பரவாயில்லை. யானைக் காது என்று விற்கும் பெரிய காளான், குடை மூடுவது மாதிரி மூடி மீனை உள்ளே வைத்துச் செரித்துவிடும். அது வேண்டாம்.

கடையில் நிற்கும்போது

பபுள் டிப்பை வைத்துச் சொல்கிறோம். முதலில் தொடாமல் இரண்டு நிமிடம் பாருங்கள். நடுவில் இருக்கும் வாய் மூடிய பொத்தான்துளை மாதிரி இருக்க வேண்டும். வாய் அகன்று உள்ளே குடல் தெரிந்தாலோ வெளியே தொங்கினாலோ வேண்டாம். நிறம் பழுப்பு, பச்சை, சிவப்பு எதுவானாலும் உள்ளே ஒரு கனம் இருக்க வேண்டும். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்தால் அது வெளுத்தது. பிறகு கடைக்காரரிடம் ஒரு துளி உணவை அதன் கொடுக்கில் வைக்கச் சொல்லுங்கள். கொடுக்கு பற்றி, வாய்ப் பக்கம் வளைய வேண்டும். உணவு வழுக்கிக் கீழே விழுந்தால் பசை இல்லை, பலமும் இல்லை.

கடைசியாகப் பாதம். கடைத் தொட்டியிலிருந்து பிய்த்து எடுக்கும்போது பாதம் கிழிந்தால் அந்தக் காயத்திலேயே அழுகும். நகத்தால் சுரண்டவோ பிளேடு போடவோ விடாதீர்கள். ஒட்டியிருக்கும் சின்னக் கல்லோடு சேர்த்தே கேளுங்கள். கல்லுக்கும் சேர்த்துக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் முன்பணம் கொடுத்து, கடையிலேயே ஒரு வாரம் வைத்திருக்கச் சொல்லி, பிறகு எடுங்கள். புதிதாக வந்திறங்கிய அன்றே வாங்குவதில் லாபம் ஒன்றுமில்லை.

தொட்டியில் விடும் நாள்

முந்தின நாளே எல்லாப் பம்பின் வாயிலும் ஸ்பாஞ்ச் அல்லது வலைக் கவசம் மாட்டுங்கள். புது அனிமோன் முதல் வாரம் நடக்கும். கவசமில்லாத வேவ்மேக்கரில் இரவில் மாட்டினால், காலையில் தொட்டி முழுக்கத் துருவிய தேங்காய் மாதிரி மிதக்கும். அந்த நஞ்சில் மீன்களும் போகும்.

பாறை அமைப்பையும் மாற்ற வேண்டியிருக்கலாம். நடுவில் ஒரு பாறையைத் தனித் தீவாக வைத்து, சுற்றிலும் 15 செ.மீ. வெறும் மணலாக விடுங்கள். அதில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு, 5 முதல் 8 செ.மீ. ஆழமாக ஒரு பிளவு வேண்டும். பபுள் டிப்புக்கு மணலைத் தாண்டி நடக்கச் சோம்பல். பெரும்பாலும் தீவிலேயே தங்கிவிடும்.

1. பையை மூடியபடியே தொட்டியில் 20 நிமிடம் மிதக்க விட்டு, சூட்டைச் சமமாக்குங்கள்.

2. பக்கெட்டில் கொட்டி, ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, நொடிக்கு 2, 3 சொட்டு வீதம் தொட்டித் தண்ணீரை இறக்குங்கள். 60 முதல் 90 நிமிடம் ஆகும். மணியைப் பார்த்து முடிக்காதீர்கள். பக்கெட்டின் உப்பளவும் தொட்டியின் உப்பளவும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒன்றாகும்போதுதான் முடிந்தது. மே மாதம் என்றால் பக்கெட் ஏசி அறையிலோ நிழலிலோ இருக்கட்டும்.

3. விளக்கைப் பாதிக்குக் குறையுங்கள். வேவ்மேக்கரை நிறுத்துங்கள்.

4. கையைச் சோப்பில்லாமல் கழுவி, அனிமோனை மட்டும் தூக்கிப் பிளவின் வாயில் பாதம் உள்ளே போகும்படி வையுங்கள். பக்கெட் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

5. ஒரு மணி நேரம் கழித்து, பாதம் பிடித்துக்கொண்டதா என்று கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு, வேவ்மேக்கரை மெதுவான வேகத்தில் போடுங்கள். விளக்கை இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முழு அளவுக்கு ஏற்றுங்கள்.

வைத்த இடம் பிடிக்காமல் நகர்ந்தால், நகரட்டும். தூக்கித் தூக்கி நீங்கள் நினைத்த இடத்தில் வைத்தால், அது வெளிச்சம் தேடும் சக்தியை உங்களோடு சண்டை போடுவதில் செலவழிக்கும்.

தீனி

முதல் மூன்று நாள் ஒன்றும் வேண்டாம். பிறகு வாரம் ஒருமுறை, அதிகம் போனால் இருமுறை. சந்தையில் வாங்கும் இறாலே போதும். உப்போ மஞ்சளோ படாதது. ஓடு நீக்கி, ஆர்ஓ தண்ணீரில் அலசி, ஒரு நாள் ஃபிரீசரில் வைத்து, அனிமோன் வாயைவிடச் சின்னதாக, ஏறக்குறைய அரை செ.மீ. துண்டாக நறுக்குங்கள். இடுக்கியால் கொடுக்கில் வைத்தால் போதும், வாய்க்குள் திணிக்க வேண்டாம். பெரிய துண்டு கொடுத்தால் இரவில் பாதி செரித்ததைக் கக்கிவிடும். அந்த வெள்ளை மொத்தை அழுகி, மறுநாள் அம்மோனியா ஏறும். வெளிச்சம் சரியாக இருந்தால் தீனி தொட்டுக்கொள்ளும் ஊறுகாய்தான், சோறு வெளிச்சம்.

மீன் திரும்பியே பார்க்கவில்லையா?

பண்ணையில் பிறந்த கிளவுன் மீனுக்கு அனிமோன் என்றால் என்ன என்றே தெரியாது. சில மீன் அரை மணி நேரத்தில் புகுந்துவிடும், சில மாதக்கணக்கில் பார்க்காது, சில கடைசிவரை பம்ப் மூலையிலேயே தூங்கும். அது தூங்கும் இடத்துக்கு அருகிலேயே தோல் பவளத்தை நகர்த்தி வைப்பது பலன் தரும். இரவு விளக்கு அணைந்தபின் மீனையும் அதற்கான வீட்டையும் ஒரு பெரிய துளையிட்ட பிளாஸ்டிக் கூடைக்குள் நாலைந்து நாள் விட்டுவைப்பது இன்னொரு வழி. கையால் மீனை அனிமோன்மேல் தள்ளுவது மட்டும் கூடாது. உடல் சளி அந்தக் கொடுக்குகளுக்குப் பழகும் முன்னே தள்ளினால் கொட்டு வாங்கும். முதலில் வாலை மட்டும் தொட்டுத் தொட்டு எடுப்பதைப் பார்த்தால் காரியம் நடக்கிறது என்று அர்த்தம்.

மீன் புகுந்தபின் பவளம் நாள் முழுக்கச் சுருங்கியே இருந்தால், அது உரசல் தாங்கவில்லை. இரண்டு வாரம் பொறுத்தும் விரியாவிட்டால் பவளத்தை இடம் மாற்றுங்கள்.

எது சாதாரணம், எது ஆபத்து

அனிமோன் ஒரு பொழுது பை மாதிரி சுருங்கி, வாய் வழியாகப் பழுப்பு நூலைக் கக்கிவிட்டு, மறுநாள் பூரித்து நின்றால் அது கழிவு வெளியேற்றம். ஒரு நாளுக்கு மேல் சுருங்கியே இருந்தால் உப்பளவு, சூடு, அம்மோனியா மூன்றையும் உடனே பாருங்கள். வாய் திறந்தபடி, கொடுக்கு பசையில்லாமல், தொட்டால் சளியாகக் கையோடு வந்தால் முடிந்துவிட்டது. மூக்கே சொல்லிவிடும்: அழுகிய மீன் வாடை கூடத்துக்கே வரும். காத்திருக்காமல் ஒரு கிண்ணத்தைத் தண்ணீருக்குள்ளேயே கவிழ்த்து அள்ளி வெளியே எடுங்கள், 30 விழுக்காடு தண்ணீரை மாற்றுங்கள், புதுக் கார்பன் போடுங்கள், கழிவை நுரையாக வெளியேற்றும் ஸ்கிம்மரை முழு வேகத்தில் விடுங்கள்.

மீனுக்கு நோய் வந்து காப்பர் மருந்து போட வேண்டியிருந்தால், மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றிப் போடுங்கள். அனிமோன் இருக்கும் தண்ணீரில் காப்பர் விழுந்தால் அனிமோனும் பவளமும் சேர்ந்து போகும். அதற்காகத்தான் மீனை வாங்கியதும் நாலு வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டு விடச் சொல்வது.

குட்டி பிரிந்தால்

நன்றாக இருக்கும் பபுள் டிப் ஒருநாள் நடுவே நீண்டு, மறுநாள் இரண்டாகக் கிடக்கும். தண்ணீரில் அதிர்ச்சி நேர்ந்தாலும் பிரியும் என்பதால், முதலில் உப்பளவைப் பார்த்துவிடுங்கள். இரண்டும் வாயும் பாதமும் தேறி உணவு பிடிக்க மூன்று, நாலு வாரம் ஆகும். அதுவரை யாருக்கும் கொடுக்க வேண்டாம். கொடுப்பதற்கென்று குட்டியின் அருகில் உள்ளங்கையளவு ஒரு தனிக் கல்லை வைத்துப் பாருங்கள். ஏறி உட்கார்ந்தால் பிய்க்காமலே கொடுக்கலாம். நாகர்கோவில் வரை போவதானால் இரண்டு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பையில் பாதி தண்ணீர், பாதி காற்று, இரட்டைப் பை, தெர்மோகோல் பெட்டி. விடிவதற்கு முன் கிளம்பும் பஸ். முந்தின இரண்டு நாள் தீனி போடாதீர்கள், இல்லாவிட்டால் வள்ளியூர் தாண்டும்போதே பைக்குள் கக்கிவிடும்.